சம்பத்துக்கு வாசித்த புரோகிராம்கள்

பத்ரா சார் மேஜைமேல் காகிதக் கத்தையைத் தள்ளினார். மடிப்பு மடிப்பாக நீண்டு கிடக்கும், இரண்டு ஓரங்களிலும் துளையிட்ட கம்ப்யூட்டர் தாள். "சம்பத், இந்தப் பகுதி என்ன செய்கிறதென்று எல்லாருக்கும் படித்துச் சொல்" என்றார் ஹிந்தியில்.

ஜனவரிப் பிற்பகல். டெல்லி நேரு ப்ளேஸில் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அறையில் இருந்த ஒரே ஹீட்டர் பத்ரா சாரின் காலடியில் சிவந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சம்பத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வரியின்மேல் விரலை வைத்தார். நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். மருந்துக் கையிருப்பு குறையும்போது எச்சரிக்கை கொடுக்கும் பகுதி அது. "கையிருப்பு பூஜ்யம் ஆனால் இந்த இடத்தில் நின்றுவிடும். மேலே போகாது" என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த நீரஜ் தலையை நிமிர்த்தினான். நான் என் தாளைப் பார்த்தேன். சம்பத் சொன்ன வரி அதில் இல்லை. முந்தைய நாள்வரை இருந்தது. அன்று காலை நீரஜ் அதை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருந்தான்.

"அரே சம்பத் பாயி, அந்த வரியை நான் காலையிலேயே வழியனுப்பி வைத்துவிட்டேன்" என்றான் நீரஜ். எல்லாரும் சிரித்தார்கள். சம்பத்தும் சிரித்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று ஏதோ சொன்னார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் விரல் புதிய வரியின்மேல்தான் இருந்தது. வாய் வேறு எதையோ சொன்னது. படிக்கிற மனிதர் அப்படிச் சொல்ல முடியாது. ஒப்பிக்கிற மனிதர்தான் சொல்ல முடியும்.

எங்கள் அலுவலகம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் வேலை பார்த்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. பத்ரா சார்தான் முதலாளி. தலைமைப் புரோகிராமரும் அவரே. ஒரு மேஜையும் ஒரு மெஷினுமாக அவர் தனியாகத் தொடங்கியது, நான் சேர்ந்தபோது ஒரு தளத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. கீழே போட்டோகாப்பிக் கடைகள், பழைய மானிட்டர்களை அடுக்கிவைத்து விற்கிறவர்கள், ஈயம் உருகும் வாசனை. கரண்ட் போனால் கட்டடத்தின் எல்லாத் தளங்களிலிருந்தும் யு.பி.எஸ்.கள் ஒரே நேரத்தில் கத்தும். கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

அப்போது கையில் இருந்த பெரிய வேலை, ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்துக்கான புரோகிராம். டாக்டர் எழுதிய மருந்தை உள்ளே போட்டால் கையிருப்பைக் குறைத்துக்கொண்டு, பாட்டிலில் ஒட்டுவதற்கான லேபிளை அச்சடித்துத் தரவேண்டும். யாருக்கு, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று லேபிளில் வரும்.

அலுவலகத்தில் தமிழர்கள் நானும் சம்பத்தும்தான். நான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் இருந்தார். எங்கள் வீட்டில் பேசுவது கும்பகோணத்துத் தமிழ் என்று அம்மா சொல்லிக்கொள்வாள். அதில் பாதிக்குமேல் ஹிந்தி கலந்திருந்தது அவளுக்குத் தெரியாது. சம்பத் விருதுநகர்க்காரர். எம்.சி.ஏ. முடித்துவிட்டு நேராக டெல்லி ரயில் ஏறியவர். கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறையில் மனைவி மங்கையோடு குடியிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை 'நீங்க'தான்.

அவருடைய ஞாபகசக்தி அலுவலகத்தில் பிரசித்தம். எந்தப் புரோகிராமில் எந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று திரையைத் திறக்காமலே சொல்வார். நாங்கள் அதை ஒரு வரமாக நினைத்திருந்தோம். அன்றைய கூட்டத்துக்குப் பிறகுதான் அதை வேறு விதமாக யோசித்தேன்.

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். அவர் திரையில் எழுத்துகள் எப்போதும் பெரிதாக இருக்கும். யாராவது பக்கத்தில் போனால் சட்டென்று மாற்றிவிடுவார். குளிர்காலத்தில் இருட்டுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். பஸ் நிறுத்தத்தில் வருகிற எல்லா பஸ்ஸையும் நிறுத்தி, "பாயி, கரோல் பாக்?" என்று கேட்பார். டெல்லியில் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. கண் நன்றாக இருக்கிறவர்களும் அப்படித்தான் கேட்டு ஏறுவார்கள்.

டீக்கடையில்

மறுநாள் டீ குடிக்கப் போகும்போது கேட்டுவிட்டேன். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது.

"சம்பத், நேத்து நீங்க படிக்கலை. ஒப்பிச்சீங்க. மத்லப், அதாவது பேப்பர்ல இருக்கறது உங்களுக்குத் தெரியலை. இல்லையா?"

அவர் இஞ்சி டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் ஊதினார்.

"வேற யாரும் கவனிச்சாங்களா?"

"தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லலை."

பிறகு சொன்னார். சின்ன வயதிலிருந்தே இருட்டில் பார்வை கிடையாது. ஊரில் மாலைக்கண் என்று சொல்லி ஈரலும் கீரையும் கொடுத்தார்கள். கல்லூரியில் படிக்கும்போது பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியாமல் மோதிக்கொள்ள ஆரம்பித்தார். டாக்டர் விழித்திரையில் கோளாறு என்றார். பிறவியிலேயே வருவது. மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே குறுகிக்கொண்டே வரும்.

"ஒரு சின்னக் குழாய் வழியா பாக்குற மாதிரிங்க. உங்க முகத்துல கண்ணைப் பாத்தா வாய் தெரியாது. ஸ்க்ரீன்ல ஒரு வார்த்தையில பாதிதான் தெரியும். அதை நகத்தி நகத்திப் படிச்சிருவேன். ஆனா ரிப்பன் மங்கிப்போன பிரிண்ட்டு சுத்தமாத் தெரியல. அதான் முன்னாடியே ஸ்க்ரீன்ல பாத்து மனப்பாடம் பண்ணி வச்சுக்கிருவேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான். வேற என்ன செய்ய?"

"வீட்ல தெரியுமா?"

"ராத்திரி தெரியாதுன்னு தெரியும். முழுசா சொல்லல."

டீக்கடைக்காரர் பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் வைத்தார். பாவம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நாம எழுதறது மருந்து விஷயம், சம்பத். இன்னைக்குக் காலைல யாரோ ஒரு வரியை மாத்தறாங்க. நீங்க பழைய வரியை மனசுல வெச்சுண்டு அதுக்குமேல எழுதறீங்க. ஏதாவது ஆச்சுன்னா? நீங்களே பத்ரா சார்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா வேலை போயிரும்."

"போகாதுன்னு நான் சொல்ல முடியாது."

"அப்ப ஏங்க சொல்லச் சொல்றீங்க?"

தம்ளரைக் கடைப் பலகையின்மேல் வைத்தார். விளிம்பு தெரியாமல் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார். அது விழாமல் நான் பிடித்தேன். பிடித்ததை அவர் கவனித்தார். திரும்பி நடந்துவிட்டார்.

பல நாட்கள் என்னோடு பேசவில்லை. நான் பத்ரா சாரிடம் போகவும் இல்லை. அது அவர் சொல்ல வேண்டிய விஷயம் என்று இருந்தேன். ஆனால் அவர் எழுதிய பகுதிகளை ஒவ்வொரு நாளும் எடுத்து வரிக்கு வரி சரிபார்த்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரங்கள் எனக்கு நன்றாக இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் தாய்மொழியில் பேச இருந்த ஒரே மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

பத்ரா சாரின் அறை

ஒரு திங்கட்கிழமை காலை சம்பத் என் மேஜைக்கு வந்தார். "வீட்ல சொல்லிட்டேன். இப்ப சார்கிட்ட சொல்லப்போறேன். கூட வர்றீங்களா?"

போனேன். சம்பத் நின்றுகொண்டே சொன்னார். தன் ஆங்கிலம் தடுமாறும் என்று ஹிந்தியில் சொன்னார், ஹிந்தியும் தடுமாறியது. பத்ரா சார் கேட்டுக்கொண்டே இருந்தார். பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"எப்போதிலிருந்து?" என்றார்.

"இங்கே சேரும்போதே கொஞ்சம் இருந்தது, சார்."

"என்னிடம் மறைத்தாய்."

"ஆமாம் சார்."

எனக்குத் தெரிந்து பத்ரா சார் கோபக்காரர். அன்று கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. போன் எடுத்துப் பேசும் வேலைக்கு மாற்றுகிறேன், மருத்துவமனையிலிருந்து சந்தேகம் கேட்டால் நீ பதில் சொல், உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் சம்பத்தின் முகம் சிறுத்துவிட்டது.

"நான் புரோகிராமர் சார். யாராவது எனக்குப் படித்துக் காட்டினால் என்னால் வேலை செய்ய முடியும்."

"ஒரு ஆள் வேலைக்கு இரண்டு பேரா?"

"நான் படிக்கிறேன்" என்றேன். "எப்படியும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்வீர்கள். யாருக்கும் அதற்கு நேரம் இருப்பதில்லை. நாங்கள் சரிபார்க்கிறோம். லேபிள் அச்சடிக்கும் பகுதியை முதலில் எங்களிடம் கொடுங்கள்."

பத்ரா சார் என்னைப் பார்த்தார், சம்பத்தைப் பார்த்தார். "அச்சா. ஹோலி வரை. பிறகு பார்ப்போம்" என்றார்.

கதா

புரோகிராமை வாய்விட்டுப் படிப்பது கதை படிப்பது போல இல்லை. அடைப்புக்குறி திறக்கிறது, அடைப்புக்குறி மூடுகிறது, இங்கே ஒரு படி உள்ளே, இங்கே மறுபடி வெளியே என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். முதல் நாளே தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"கமாவெல்லாம் சொல்றியா?" என்றார்.

அவர் செக்‌ஷனில் அப்படித்தானாம். டைப் அடித்து வந்த முக்கியமான உத்தரவுகளை இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் டைப் அடித்ததைப் பார்த்துக்கொண்டே வருவார். கமா, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாவற்றையும் சொல்வார்கள். அப்பாவுக்கு ஜோடியாக இருந்தவர் இமயமலைப் பக்கத்துக்காரர், நல்ல குரல். பதவி உயர்வு உத்தரவையும் பஜன் மாதிரி படிப்பாராம். அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த செக்‌ஷனில் எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்துவிட்டது என்றார் அப்பா. அம்மா உள்ளேயிருந்து, "நீங்க எப்போ தூங்காம இருந்தேள்?" என்றாள்.

அலுவலகத்தில் எங்களை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கோயிலில் பண்டிட் உட்கார்ந்து கதை சொல்வதை அங்கே 'கதா' என்பார்கள். காலையில் நான் நாற்காலியை சம்பத் பக்கம் இழுத்ததும் நீரஜ், "கதா ஷுரு ஹோ கயி!" என்று, கதை தொடங்கிவிட்டதாக அறிவிப்பான். பிரசாதம் எங்கே என்று ஒருவர் கேட்பார்.

சம்பத் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் நிறுத்துவார்.

"இதுக்குப் பேரு என்னன்னு சொன்னீங்க?"

"டெம்ப் டூ."

"டெம்ப் ஒன்னு எங்க?"

"அது மேலே எங்கயோ வந்தது. மறந்துடுத்து."

"படிக்கிற உங்களுக்கே மறந்துருச்சுன்னா அதை எதுக்கு அப்படி எழுதணும்? அது மருந்தோட காலாவதித் தேதிதான? அந்தப் பேரையே வைங்க."

வைத்தோம். எழுதியவர் வந்து சண்டை போட்டார். பிறகு அவரையே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னோம். பாதியில் அவரே நிறுத்திவிட்டு, தன் வரிகளைத் தானே முறைத்துப் பார்த்தார். ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியாத பகுதிகளை இரண்டாக, மூன்றாகப் பிரித்தோம். திரையில் பார்க்கும்போது எல்லாருக்கும் புரிந்ததாகத் தோன்றுவது, உரக்கச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அலுவலகத்தில் அதுவரை ஒருவர் எழுதியதை இன்னொருவர் குறை சொன்னால் அது அவமானம். இப்போது குறை சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. படிக்கிறவர் குரலே தடுமாறிக் காட்டிக்கொடுத்தது.

பிப்ரவரி முடிவதற்குள் நீரஜ் தன் தாளைத் தூக்கிக்கொண்டு சம்பத்திடம் வந்தான். "பண்டிட்ஜி, இதையும் கொஞ்சம் கேளுங்கள்" என்றான்.

ஒரு சொல்

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஸ்வெட்டர் தேவையில்லாத முதல் நாட்களில் ஒன்று. ஜன்னலைத் திறந்துவைத்திருந்தோம். கீழே யாரோ ஹோலிக்கு வண்ணநீர் பீய்ச்சும் பிச்சகாரிகளைக் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். லேபிள் அச்சடிக்கும் பகுதியின் ஆக உள்ளே இருந்த, யாரும் அதிகம் தொடாத பழைய வரிகளுக்கு வந்திருந்தோம்.

"க்யூ டி ஒய் ஈக்வல் டு க்யூ டி ஒய் டிவைடட் பை ஸ்ட்ரென்த்" என்று படித்தேன். ஸ்ட்ரென்த் என்பது ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் மருந்தின் அளவு.

"நில்லுங்க. மறுபடி."

மறுபடி படித்தேன்.

"வலது பக்கம் இருக்குற க்யூ டி ஒய் என்ன?"

"டாக்டர் எழுதின அளவு. மில்லிகிராம்."

"இடது பக்கம் இருக்குறது?"

"பாட்டில்லேந்து ஊத்த வேண்டிய அளவு. மில்லிலிட்டர்."

"ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"ஒரே பேருதான்."

கண்ணைத் திறந்துவிட்டார். "அப்ப இந்த வரிக்கு மேல அது மில்லிகிராம், கீழ மில்லிலிட்டர். இந்த வரி வழியா வராம நேராக் கீழ போறதுக்கு வேற ஏதாச்சும் பாதை இருக்கா? தேடுங்க."

தேடினேன். இருந்தது. லேபிள் கிழிந்துபோனால் இரண்டாவது முறை அச்சடிக்க ஒரு வசதி வைத்திருந்தோம். அது அந்த வரியைத் தொடாமல் தாண்டிப் போனது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பத்து மில்லிகிராம் ஒரு மில்லிலிட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டாவது லேபிளில் பத்து மில்லிலிட்டர் என்று வரும், பத்து மடங்கு.

போட்டுப் பார்த்தோம். பிரிண்டர் கரகரத்துக்கொண்டு லேபிளைத் தள்ளியது. நான் படித்தேன். சம்பத் என் கையிலிருந்து அதை வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், எழுத்து எழுத்தாக நகர்த்தி அவரும் படித்தார். கீழே பிச்சகாரி விற்கிறவன் கூவிக்கொண்டேயிருந்தான். எனக்கு என் அக்காவின் பிள்ளை நினைவுக்கு வந்தான். அந்த வாரம் அவனுக்கு ஜுரம். சரோஜினி நகர் வீட்டில் அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு, லேபிளைப் பார்த்துப் பார்த்து மருந்து அளந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பழைய வரிகளை எழுதியவர் பத்ரா சார். கம்பெனியில் அவர் மட்டுமே இருந்த நாட்களில், வேறொரு மருந்துக் கடைக்காக எழுதியது. நன்றாக ஓடுகிறதென்று அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தோம்.

லேபிளோடு அவர் அறைக்குப் போனோம். அவர் பார்த்தார். திரையைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைத் தேடி எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரும் அதை வாய்விட்டு, மெதுவாகப் படித்தார். பள்ளிக்கூடப் பையன் படிப்பதுபோல.

"இது என்னுடையது" என்றார்.



"சம்பத்" என்றார். "ஔர் க்யா சுனாயி தியா?"

வேறென்ன காதில் விழுந்தது என்று கேட்டார். வேறென்ன பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. சம்பத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. பத்ரா சார் எழுந்து வந்து அந்தத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "சொல். எல்லாவற்றையும் சொல்" என்றார்.

ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போனது. மருத்துவமனையில் கத்தினார்கள். பத்ரா சார் தானே போய், தவறு எங்களுடையது, நாங்களே கண்டுபிடித்தோம், திருத்தாமல் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஹோலி வந்து போனது. ஹோலி வரை என்று சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. அதன்பின் அங்கே எந்தப் புரோகிராமும் ஒருவருக்காவது உரக்கப் படித்துக் காட்டப்படாமல் வெளியே போகவில்லை.

மங்கை

அந்த வருஷம் சம்பத்தின் வீட்டுக்கு அடிக்கடி போனேன். மங்கை அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே தானாகச் சொன்னாள்.

"அவுக சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்க்கா."

"எப்படி?"

"தண்ணிச் செம்பை வழக்கமா வைக்குற இடத்துல இருந்து ஒரு விரக்கடை நகத்தி வச்சாலும் தேடுவாக. ரெண்டு தடவ பாத்தேன். பெறகு நகத்தவே இல்ல. செருப்பு, சீப்பு, சோப்பு எல்லாம் அதது எடத்துலதான். அவுகளா சொல்லட்டும்னு இருந்தேன்."

"அத்தனை நாளும் சும்மா இருந்தியா?"

"சும்மா எங்க இருந்தேன்? தெனமும் வச்சேன்ல."

ஒரே அறையில் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்த ஒன்றையே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர் சொன்ன அன்று இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள் என்றாள். சாப்பிட்டு முடித்ததும், செம்பை நீ வைக்கும் இடம் எனக்குத் தெரியும் என்றாராம்.

பேசும் மெஷின்

அடுத்த வருஷம், பார்வையற்றவர்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைச் சம்பத் கற்றுக்கொண்டார். பத்ரா சார் அதை அலுவலகத்துக்கும் வாங்கினார். அமெரிக்க உச்சரிப்பில் ஒரு இயந்திரக் குரல். முதலில் எங்களுக்கும் புரிந்தது. சம்பத் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நாளில் அது எங்களுக்கு வெறும் இரைச்சலாகவும் அவருக்குப் பேச்சாகவும் ஆகிவிட்டது.

ஒருநாள் காலையில் பழக்கத்தில் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தேன். அவர் காதில் ஹெட்ஃபோன். வேலையில் மூழ்கியிருந்தார். நான் வந்ததே தெரியவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் என் இடத்துக்கே நகர்த்திக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அது நீடிக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் எங்கள் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் படங்களும் பொத்தான்களும் உள்ள திரை வேண்டியிருந்தது. அதைச் செய்யும் கருவிகளில் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்துப் போடவேண்டும். பேசும் மெஷின் அதைப் பார்த்து, "கிராஃபிக், கிராஃபிக், கிராஃபிக்" என்று மட்டும் சொன்னது. சம்பத் ஒரு பிற்பகல் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

பத்ரா சார் விடுவதாக இல்லை. பழைய புரோகிராம்களைப் பார்த்துக்கொள் என்றார். பழையவை ஒவ்வொன்றாகக் குறைந்துவந்தன. சம்பத் வீம்பு பிடிக்கவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் எழுத்துகளை மட்டுமே கொண்டு செய்யும் வேலைக்கு ஆள் தேடினார்கள். படமில்லாத, பின்னால் ஓடும் புரோகிராம்கள். நேர்முகத் தேர்வில் முதல் வார்த்தையாகத் தன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அதே துறையில்தான் இருக்கிறார். பெரிய பதவி.

நானும் பிறகு பெரிய கம்பெனிகளுக்குப் போனேன். அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பதற்கு முறையான ஏற்பாடுகள் இருந்தன. எல்லாம் திரையிலேயே நடக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே குறை சொல்லலாம், பதில் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிக்கலான பகுதி வந்தால் இன்றும் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படிப்பேன். எதிரில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

மொட்டைமாடி வெயிலில்

அவர்கள் டெல்லியை விட்டுக் கிளம்பிய வருஷத்தின் தொடக்கத்தில்தான் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவத்துக்கு விருதுநகர் வரச்சொல்லி மங்கையின் வீட்டில் எத்தனையோ கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அம்மாவைத்தான் டெல்லிக்கு வரவழைத்துக்கொண்டாள். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சம்பத்தின் கண்ணில் மிச்சம் இருந்தது ஊசிக்காதளவு. அதுவும் எத்தனை நாளுக்கென்று டாக்டர் உத்தரவாதம் தரவில்லை.

பெயர் வைக்கும் நாளன்று போயிருந்தேன். பத்ரா சார் மனைவியோடு வந்து, பெட்டி நிறைய லட்டு வைத்துவிட்டுப் போனார். நீரஜ் கிலுகிலுப்பை கொண்டுவந்தான். கூட்டம் கலைந்து, மதியத்துக்கு முந்தைய நல்ல வெயில் மாடியில் விழுந்தபோது மங்கை குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சுற்றிலும் கரோல் பாகின் மாடிகளில் ரஜாய்கள், குளிருக்கான பஞ்சுப் போர்வைகள், காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க. இப்ப வெளிச்சம் நல்லாருக்கு" என்றாள்.

சம்பத் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டார். பிறந்ததிலிருந்து குழந்தையைத் தொட்டிருக்கிறார், தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரி அறை வெளிச்சத்தில் முகம் பிடிபடவில்லை. இப்போது குனிந்து, மூச்சுப் படும் அளவுக்கு அருகில் போனார். நெற்றியிலிருந்து தொடங்கினார். அவர் தலை மிக மெல்ல நகர்ந்தது.

"முடி முன்னாடி ரொம்ப இல்ல" என்றார். "புருவம் இன்னும் சரியா வரல. இது வலது கண்ணு. மூடியிருக்கு. இமையில மயிர் இருக்கு..."

"ஒப்பிக்காதீங்க" என்றாள் மங்கை தாழ்ந்த குரலில். "பாருங்க. போதும்."

அவர் பேச்சை நிறுத்தினார். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் போனார். அங்கிருந்து மூக்கு. மூக்கிலிருந்து மேலுதடு. ஒவ்வோர் இடத்திலும் நின்று, அதை முந்தையதோடு சேர்த்துக்கொண்டு, பிறகு நகர்ந்தார். மங்கை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் முகத்தில் நிழல் விழக்கூடாதென்று நான் தள்ளி நின்றுகொண்டேன்.

வாய்வரை வந்திருப்பார். குழந்தை தூக்கத்தில் முகத்தைச் சுளித்து, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த இடம் அவருக்குத் தவறிவிட்டது. அவர் கண் ஒரு கணம் வெறும் துணிமேல் அலைந்தது. மங்கை குழந்தையின் தலையை மெல்லத் திருப்பி வெயிலுக்கு நேராக வைத்தாள்.

"அவசரமில்ல" என்றாள்.

சம்பத் மறுபடியும் நெற்றியிலிருந்து ஆரம்பித்தார்.